தொடுதிரையும் ஓர் ஊர்ப்பெயரும்

ஈப்போவிற்குத் தெற்கே, ஈயச் சுரங்கங்களும் பால்மரத் தோட்டங்களும் சூழ வளர்ந்த ஊர் கோப்பெங். பெயரில் நான்கே எழுத்துகள். ஆயினும் எழுதுகருவி மாறுந்தோறும் அவற்றை அடிக்கும் முறையும் மாறியிருக்கிறது.

தட்டச்சுப்பொறியில் 'கோ' எழுத முதலில் இரட்டைக்கொம்பு, பின்பு ககரம், இறுதியில் கால். அது கண் காணும் வரிசை. ஒலியின் வரிசையோ வேறு; உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிப்பதைத் தொல்காப்பியமே கூறுகிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடு ஒலிவரிசையை ஏற்றது. ஆகவே கொம்பையும் காலையும் உரிய பக்கங்களில் நிறுத்துவது கருவியின் பொறுப்பாயிற்று. அதை அறியாத கருவிகளில் கொம்பு ககரத்தின் பின்னால் போய் நின்றது. எழுத்துருவே இல்லாதவற்றில் வெறுங்கட்டங்கள் தோன்றின. நம்மவர் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதப் பழகியது இக்காலத்தில்தான். அப்பழக்கம் இன்னும் முற்றாக விடவில்லை.

1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய மலேசியர் முத்து நெடுமாறன், 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டார். கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழி பிறந்தது. ஆனால், அன்றைய கைப்பேசிகளில் இருந்தவை எண் விசைகள்; 247 எழுத்துகளை அவற்றுள் அடக்க வேண்டியிருந்தது.

தொடுதிரை புதுமையன்று, 1994இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமனிலேயே அது இருந்தது. 2007இல் வந்த ஐபோனும் 2010இல் வந்த ஐபேடும் அதைப் பெருவழக்காக்கின. மொழியாளர் நோக்கில் விரல் தொடுவதைவிடப் பெரிய செய்தி, விசைப்பலகை திரையில் வரையப்படும் படமாகியதே. ஒரு மொழிக்கெனத் தனி விசைகளை வார்க்கும் செலவு மறைந்தது. ஆயினும் தமிழ் உடனே வரவில்லை. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டையும் தன்னுள் சேர்த்தது. அதற்கு முன் ஐபோன் வைத்திருந்தோர் தனிச் செயலியில் எழுதி, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினர்.

அவ்விரண்டும் ஒன்றல்ல. அஞ்சலில் உரோமன் ஒலிப்பெயர்ப்பே வாயில், விரைவானது, மறுக்கவில்லை. ஆனால் லகர, ளகர, ழகரங்களை மாணவர் உரோமன் எழுத்துகளின் வழியே தேட நேர்கிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99இல் உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். வகுப்பறைக்கு நாம் பரிந்துரைப்பது இதையே.

அதில் நம் ஊர்ப்பெயரை எழுதிப் பார்க்கலாம்: க, ஓ, ப, ப, எ, ங, புள்ளி. ஏழு தொடுகை. பகரம் இரட்டித்ததும் முதற்பகரத்தின்மேல் புள்ளி தானே ஏறிவிடும். ஈற்று ஙகரத்திற்கு மட்டும் நாமே புள்ளியிட வேண்டும். நம் இலக்கணத்தில் ஙகரமெய் சொல்லுக்கு ஈறாவதில்லை. மலாய் மண்ணின் ஊர்ப்பெயர்களுக்கு அவ்விதி தெரியாது.