அனாதைகள் செய்த காமிரா

என்னிடம் பழைய சோவியத் காமிரா ஒன்று இருக்கிறது, பெயர் ஃபெட். ஃபிலிமை நகர்த்திய பிறகுதான் அதன் வேகத்தை மாற்ற வேண்டும். மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைத்தால் உள்ளே துணித்திரை பொசுங்கி ஓட்டை விழுந்துவிடும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அந்தப் பெயர்தான்.

ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி: 1917-இல் 'செக்கா' என்ற ரகசியப் போலீசை ஏற்படுத்தியவர். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே ஃபெட். காமிராவைச் செய்தவர்களோ, போரும் பஞ்சமும் தெருவில் விட்ட பிள்ளைகள்! 1927-இல் கார்க்கோவ் அருகே அவர்களுக்காக ஒரு கம்யூன் திறந்தார்கள். அந்த ரகசியப் போலீஸாரே தங்கள் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தார்கள். பிள்ளைகளில் சிலருடைய தகப்பனார்களை அவர்களே சுட்டிருக்கவும் கூடும். நடத்தியவர் மகரென்கோ; அவரும் கதை எழுதுகிறவர், என்னைவிட நன்றாக.

முதலில் மின்சாரத் துளைக்கருவிகள் செய்தார்கள். அப்புறம் ஜெர்மன் லைக்காவைப் பார்த்து, 1932-இல் மூன்றே மூன்று காமிராக்கள். 1934-இல் உற்பத்தி தொடங்கிவிட்டது. இன்ஜினியர்கள் கூட இருந்தார்கள். இருந்தாலும் பிள்ளைகளின் விரல்கள் அல்லவா!

என் காமிராவின் தலையில் கம்யூனின் பெயரையும் போலீஸ் இலாகாவின் பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு திருகு சற்றுக் கோணல். பழுதுபார்ப்பவர் நேராக்கித் தருகிறேன் என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.