சாதன விவரம் பெறல் (கர்னல் டிரைவர் நிரலாக்கம்)

கணினியில் இணைந்த சாதனம் எது, யாருடைய தயாரிப்பு, எந்த வகை என்பதை இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் கேட்டறியும் முறை. சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பது இதை வைத்தே.

பிசிஐ பாட்டையில் இணையும் சாதனத்தில் 256 பைட் அமைப்புப் பகுதியின் முதல் 4 பைட்டுகள் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் ஆகும். இன்டெலின் எண் பதினாறடிமான முறையில் 8086. தயாரிப்பாளர் எண்ணின் எல்லாப் பிட்டும் 1 என வந்தால் அந்த இடத்தில் சாதனம் இல்லை. யூஎஸ்பி சாதனம் தன்னைப் பற்றிய 18 பைட் விவரிப்பியைத் தருகிறது.

ஒரே சாதனம் தரும் விவரம் இடையில் மாறவும் கூடும்; இணைய இணைப்புத் தரும் யூஎஸ்பி டாங்கிள் இதற்கு நல்ல சான்று. ஹுவாவேயின் பல மாடல்கள் செருகியதும் சீடி டிரைவாகவே தம்மை அறிவிக்கும். உள்ளே இருப்பது விண்டோஸுக்கான நிறுவல் மென்பொருள். லினக்ஸில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் உரிய கட்டளையை அனுப்பியதும் இணைப்பு அறுந்து, அதே கருவி வேறு சாதன எண்ணுடன் மோடமாக வரும். ஆகவே முன்பு வாசித்த விவரத்தை டிரைவர் நம்பியிருக்கக் கூடாது. புதிதாகக் கேட்க வேண்டும்.

விண்டோஸில் சாதன விவரம் தரும் ஐஓ கெட் டிவைஸ் ப்ராப்பர்ட்டி என்ற செயற்கூறு, கொடுத்த நினைவிடம் போதாவிட்டால் தேவையான அளவைச் சொல்லும். அந்த அளவில் இடம் ஒதுக்கி மீண்டும் அழைக்க வேண்டும். லினக்ஸில் 2003இல் வந்த 2.6 பதிப்பு முதல் சிஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வழியே இவ்விவரங்கள் கோப்புகளாகத் தெரிகின்றன.