ஒலியும் ஈயமும்: கென்னடி படுகொலையில் சதிக் கோட்பாடுகளும் தடயவியல் சான்றுகளும்

முன்னுரை

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டை இரண்டு நாள் கழித்துக் காவல் தலைமையகத்திற்குள்ளேயே ஜாக் ரூபி சுட்டுக் கொன்றார். இதனால் இவ்வழக்கு நீதிமன்றத்தை அடையவே இல்லை. குறுக்கு விசாரணையில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டிய சான்றுகள் ஆணையங்களின் கைக்கும் குழுக்களின் கைக்கும் சென்றன. ஆஸ்வால்டு தனித்தே செயல்பட்டார் என 1964இல் வாரன் ஆணையம் அறிவித்தது. கொலை பெரும்பாலும் ஒரு சதியின் விளைவாகவே நிகழ்ந்தது என 1979இல் பிரதிநிதிகள் அவையின் தேர்வுக் குழு அறிவித்தது.

இவ்விவாதத்தை அறிவியலுக்கும் கற்பனைக்கும் இடையிலான பூசலாகக் காண்பது வழக்கம். வரலாறு அவ்வாறு அமையவில்லை. ஒவ்வொரு தரப்பிற்கும் துணைநின்ற ஆய்வகச் சான்று ஒன்று இருந்தது. ஒருபுறம் ஒலிப்பதிவு, மறுபுறம் குண்டுகளின் ஈயம். இரண்டும் பின்னர் வீழ்ந்தன. அவை வீழ்ந்த பின் எஞ்சுவது எது என்பதே இக்கட்டுரையின் வினா.

காலக் கணக்கும் ஒற்றைக் குண்டும்

சதிக் கோட்பாடுகள் வெறும் ஐயத்திலிருந்து பிறந்தவை அல்ல. அவற்றுள் வலிமையானது ஓர் எண்கணிதத்திலிருந்து பிறந்தது. ஆபிரகாம் சப்ரூடர் எடுத்த படச்சுருள் நொடிக்கு 18.3 சட்டகம் என்ற வேகத்தில் ஓடியது. புத்தகக் கிடங்கின் ஆறாம் தளத்தில் கிடைத்த மான்லிகர்-கர்கானோ துப்பாக்கியால் ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடக் குறைந்தது 2.3 நொடி வேண்டும் எனக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை கணக்கிட்டது. அதாவது ஏறத்தாழ 42 சட்டகம். படச்சுருளிலோ கென்னடியும் அவருக்கு முன் அமர்ந்திருந்த ஆளுநர் கானலியும் இதனினும் குறைந்த இடைவெளியில் காயமுற்றதாகத் தோன்றினர். ஆகவே இருவரையும் ஒரே குண்டு துளைத்திருக்க வேண்டும். இல்லையேல் சுட்டவர் இருவர்.

ஆணையம் முதலாவதை ஏற்றது. ஆயினும், ஒற்றைக் குண்டு என்னும் கருத்து தன் அடிப்படை முடிவுகளுக்கு இன்றியமையாததன்று எனவும் எழுதியது. மேற்கண்ட கணக்கின்படி இக்கூற்று நிற்காது. உறுப்பினர் ஜெரால்டு ஃபோர்டு வரைவறிக்கையில் 'முதுகு' என்றிருந்த காயத்தின் இடத்தைக் 'கழுத்தின் பின்புறம்' எனத் திருத்தியது 1997இல் வெளிவந்தபோது ஐயம் மேலும் வளர்ந்தது. இத்திருத்தம் தேவையற்றது என்பதே இதிலுள்ள முரண். கானலியின் இருக்கை கென்னடியின் இருக்கையைவிடச் சற்றுத் தாழ்வாகவும் உட்புறமாகவும் இருந்தது. அதனைக் கணக்கில் கொண்டால், காயம் மேல்முதுகில் இருந்தாலும் குண்டின் பாதை பொருந்துகிறது. 'மாயக் குண்டு' எனக் கேலி செய்யும் வரைபடங்கள் பெரும்பாலும் இருவரையும் ஒரே உயரத்தில் நேர்கோட்டில் அமர்த்தியே வரையப்பட்டவை.

ஒலிச் சான்று

தேர்வுக் குழுவின் 1979ஆம் ஆண்டு முடிவு எதன்மீது நின்றது என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. காயங்கள், எக்ஸ்ரே படங்கள், குண்டுகள் ஆகியவற்றில் குழு வாரன் ஆணையத்தோடு பெரிதும் உடன்பட்டது. கென்னடியைத் தாக்கிய இரண்டு குண்டுகளும் பின்னாலிருந்து ஆஸ்வால்டு சுட்டவையே என அதுவும் ஏற்றது. புல்மேட்டிலிருந்து நான்காவதாக ஒரு வெடி சுடப்பட்டது, ஆனால் அது எவரையும் தாக்கவில்லை என்பதே அதன் கூற்று. அந்த நான்காவது வெடிக்கு இருந்த அறிவியல் ஆதாரம் டாலஸ் காவல்துறை வானொலியின் டிக்டாபெல்ட் ஒலிப்பதிவு ஒன்றே.

மோட்டார் சைக்கிள் காவலர் ஒருவரின் ஒலிவாங்கி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டதால் அப்பதிவு உருவானதாகக் கருதப்பட்டது. காதால் கேட்டால் அதில் துப்பாக்கி ஒலி எதுவும் இல்லை. ஒலியியலாளர்கள் 1978 ஆகஸ்டில் டீலி சதுக்கத்தில் சோதனைமுறையாகச் சுட்டு, எதிரொலிகளைப் பதிந்து, டிக்டாபெல்ட்டின் துடிப்புகளோடு ஒப்பிட்டனர். புல்மேட்டு வெடிக்கு முதலில் 50 விழுக்காடு நிகழ்தகவு கூறப்பட்டது. வேறு இரு ஆய்வாளர்கள் அதனை 95 விழுக்காடாக உயர்த்தினர். டிசம்பர் இறுதியில், குழுவின் பணிக்காலம் முடியும் தறுவாயில், இச்சாட்சியம் வந்து முடிவையே மாற்றிற்று.

அதனை அசைத்தவர் அறிவியலாளர் அல்லர். ஒஹையோ மாநிலத்து இசைக்கலைஞர் ஒருவர், இதழொன்றுடன் இணைப்பாக வந்த இசைத்தட்டில் அப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். 'வெடிகள்' எனப்பட்ட அதே இடத்தில் மங்கலான ஒரு குரல் இருப்பதைக் கண்டறிந்தார். அது இரண்டாம் அலைவரிசையில் ஷெரிஃப் டெக்கர் இட்ட ஆணை. புலனாய்வாளர் வரும்வரை அனைத்தையும் பாதுகாப்பாக வைத்திருக்குமாறு கூறுவது. கொலை நிகழ்ந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்தே அவ்வாணை இடப்பட்டது. நார்மன் ராம்சே தலைமையிலான தேசிய அறிவியல் கழகக் குழு 1982இல் இதனை உறுதிசெய்து, அத்துடிப்புகள் கொலையின்போது எழுந்த வெடியொலிகளாக இருக்க இயலாது என்றது. 2001இல் ஒலிச் சான்றை மீட்கும் முயற்சி ஒன்று ஆய்விதழில் வந்தது. 2005இல் ராம்சே உள்ளிட்டோர் அதே இதழில் மறுப்பு எழுதினர். 95 என்ற எண்ணில் கணக்குப் பிழை இருந்ததா என்பது இங்கு இரண்டாம் நிலை வினாவே. பதிவின் காலம் எது என்ற வினா அதற்கும் முன்னரே எழுந்திருக்க வேண்டும்.

ஈயச் சான்று

இதே குழுவின் முன் 1978இல் வேதியியலாளர் வின்சென்ட் குயின் சாட்சியம் அளித்தார். ஈயத் துணுக்குகளை நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திய அவர், அவற்றில் கலந்துள்ள ஆண்டிமனியின் அளவு இரு தொகுதிகளாகப் பிரிவதைக் காட்டினார். மருத்துவமனை ஸ்ட்ரெச்சரில் கிடைத்த குண்டும் கானலியின் மணிக்கட்டுத் துணுக்கும் மில்லியனில் சுமார் 800 பங்கு கொண்டவை. தலையிலும் காரிலும் கிடைத்தவை சுமார் 600 பங்கு கொண்டவை. ஆகவே குண்டுகள் இரண்டே. ஒற்றைக் குண்டுக் கருத்துக்கு இதைவிட நேர்த்தியான துணை கிடைத்ததில்லை. பல்லாண்டுகள் அது இறுதிச் சொல்லாகவே மேற்கோள் காட்டப்பட்டது.

அதன் அடியில் ஓர் எடுகோள் இருந்தது: இவ்வகைக் குண்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும், ஆனால் ஒரே குண்டின் உட்பகுதி சீரானது. 2006இல் உலோகவியல் நோக்கில் நிகழ்ந்த மறு ஆய்வு இதனைத் தகர்த்தது. உருகிய ஈயம் உறையும்போது ஆண்டிமனி படிகமணிகளின் எல்லைகளில் ஒதுங்குகிறது. எனவே ஒரே குண்டின் இரு சிறு துணுக்குகளும் வேறுபட்ட அளவு காட்டக்கூடும். 2007இல் புள்ளியியலாளர் சிலர் வேறு வழியில் சென்று, இரண்டுக்கு மேற்பட்ட குண்டுகளை இச்சான்றால் விலக்க இயலாது என்றனர். இவ்வகைக் குண்டு-ஈய ஒப்பீட்டைக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையே 2005இல் கைவிட்டிருந்தது.

சதிக் கோட்பாட்டாளர் சிலர் இவ்வீழ்ச்சியை இரண்டாம் துப்பாக்கிக்கான சான்றாக எடுத்துக்கொண்டனர். அது தவறு. ஒரு சான்று செல்லாது எனக் காட்டுவது அதன் எதிர்நிலையை நிறுவுவதாகாது. ஒலிச் சான்று வீழ்ந்தமையால் சதியே இல்லை என வாதிடுவோருக்கும் இது பொருந்தும்.

எஞ்சியிருப்பவை

இரு தரப்பின் இழப்புகளும் சமமானவை அல்ல. ஒலிச் சான்று போனதும், தேர்வுக் குழு கூறிய நான்காவது வெடிக்கு அறிவியல் அடிப்படையே இல்லாமற்போயிற்று. ஈயச் சான்று போனபின்னும், அதனைச் சாராத சான்றுகள் தம் இடத்தில் நிற்கின்றன. ஸ்ட்ரெச்சரில் கிடைத்த 158.6 கிரெயின் எடையுள்ள குண்டிலும், காரின் முன்பகுதியில் கிடைத்த இரு பெரிய துணுக்குகளிலும் உள்ள குழல்வரித் தடங்கள் சி2766 என்ற எண்ணுடைய ஒரே துப்பாக்கியைச் சுட்டுகின்றன. ஆறாம் தளத்தில் கிடைத்த மூன்று வெற்றுத் தோட்டா உறைகளும் அவ்வாறே. அத்துப்பாக்கியை அஞ்சல்வழி வரவழைத்த கையெழுத்து ஆஸ்வால்டுடையது.

உடற்கூறாய்வு இவ்வளவு உறுதியானதன்று. அதனை நடத்தியோர் துப்பாக்கிக் காயங்களில் போதிய பட்டறிவு பெற்றிருக்கவில்லை. தொண்டைக் காயம் மூச்சுக்குழல் அறுவையால் மறைந்திருந்ததை மறுநாள் காலையில்தான் அறிந்தனர். தலைமை மருத்துவர் தம் முதல் வரைவை எரித்துவிட்டார். தலையின் பின்புறக் காயத்தை அவர்கள் குறித்த இடத்திற்கு ஏறத்தாழ 10 செ.மீ. மேலே இருப்பதாக 1968இல் கிளார்க் குழு எக்ஸ்ரே படங்களைக் கொண்டு கூறியது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் இரு தரப்பாரும் குண்டு பின்னாலிருந்தே வந்தது என்றனர். திசை பற்றிய முடிவு, இடம் பற்றிய இக்கருத்து வேறுபாட்டைச் சார்ந்திருக்கவில்லை.

நிறுவனங்கள் மறைத்தவற்றையும் இங்கே பிரித்து நோக்க வேண்டும். ஆஸ்வால்டு விட்டுச்சென்ற குறிப்பொன்றைப் புலனாய்வுத் துறையின் டாலஸ் அலுவலகம் அழித்தது. காஸ்ட்ரோவைக் கொல்லத் தீட்டிய திட்டங்களை நடுவண் உளவு முகமை வாரன் ஆணையத்திடம் கூறவில்லை. 1975இல் வெளிவந்த இவை, மறைப்பு நிகழ்ந்தது என்பதற்கு மறுக்கவியலாத சான்றுகள். புல்மேட்டில் ஒருவர் நின்றார் என்பதற்கு இவை சான்றாகா. ஆஸ்வால்டைத் தூண்டியவர் எவரேனும் இருந்தனரா என்ற வினாவுக்குத்தான் இவை பொருத்தமானவை. குழல்வரித் தடமும் எக்ஸ்ரே படமும் எத்துப்பாக்கி, எத்திசை என்பதற்கே விடை தரவல்லவை. மெக்சிகோ நகரில் ஆஸ்வால்டு யாரைச் சந்தித்தார் என்பதை ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும்.