பிரேம் கணக்கின் கதை

பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் புதியது ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் கேட்கிறார்கள்: நொடிக்கு எத்தனை பிரேம்? கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்த எண் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டு கார்டுகளும் வரைந்து முடித்த படம் ஒன்றாகவே இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுகளை அளக்கும் வழக்கத்தின் வரலாற்றில் ஒப்பீடு பொய்த்துப்போன இடங்களைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் எண்ணிக்கை சரியாகவே இருந்திருக்கிறது. மீறப்பட்டது இந்த நிபந்தனைதான்.

1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தபோது அதன் வேகம் 50 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 4 எம்பி. முப்பரிமாணப் படத்தை மட்டுமே அதனால் வரைய முடியும். சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு வேண்டும், அதன் கேபிளை வூடூ வழியாகச் சுற்றித்தான் மானிட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அட்டைப்பெட்டிகளில் நொடிக்கு இத்தனை கோடிப் புள்ளிகள் என்று அச்சிட்டிருந்த எண்களை வைத்து, எந்தக் கார்டில் கேம் எப்படி ஓடும் என்று சொல்ல முடியவில்லை. அதற்கு வழி காட்டியது கேம் தயாரிப்பு நிறுவனமான ஐடி சாஃப்ட்வேர். 1993இல் வந்த ‘டூம்’ கேமிலேயே இருந்த ஒரு வசதி, 1996இல் வந்த ‘குவேக்’கிலும் தொடர்ந்தது. முன்பே பதிவுசெய்த ஓர் ஆட்டத்தை ஒரு பிரேமையும் விடாமல் முடிந்த வேகத்தில் ஓட்டி, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துச் சொல்லும் ‘டைம்டெமோ’ என்ற கட்டளை அது. இதன் பெருமை எளிமையில் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் எடுத்த எண்ணை யாரும் தம் வீட்டிலேயே எடுத்துச் சரிபார்க்கலாம். உற்பத்தியாளர் சொல்லும் எண்ணிலிருந்து வாங்குபவர் பார்க்கும் எண்ணுக்கு அளவுகோல் இடம் மாறியது அப்போதுதான்.

மூன்றே ஆண்டுகளில் ‘ஒரே படம்’ என்ற நிபந்தனை சோதனைக்குள்ளானது. 1999இல் வூடூ3 வேகமாக ஓடியது, ஆனால் 16 பிட் வண்ணத்தில் மட்டுமே வரைந்தது. போட்டியாக வந்த என்விடியாவின் டிஎன்டி2 கார்டால் 32 பிட்டிலும் வரைய முடியும். அப்படி வரையும்போது அதன் வேகம் குறையும். எதை எதோடு ஒப்பிடுவது? அன்றைய சோதனையாளர்கள் இரண்டு வண்ண அளவுகளுக்கும் தனித்தனியாக எண்களைக் கொடுத்து, பக்கத்தில் திரையில் பிடித்த படங்களையும் அச்சிட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல்: வூடூ3 தன் படத்தை மானிட்டருக்கு அனுப்பும் கடைசி நிலையில்தான் ஒரு வடிகட்டியால் மெருகேற்றியது, கணினியில் பிடித்த படத்தில் அந்த மெருகு விழவில்லை. படத்தை ஒப்பிடுவது பிரேமை எண்ணுவதைவிடக் கடினம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. கடினமான வேலை என்பதாலேயே அது பலமுறை கைவிடப்பட்டது என்பது என் எண்ணம்.

2001 அக்டோபரில் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டை ஆராய்ந்தவர்கள், ‘குவேக் 3’ கேமின் கோப்புப் பெயரில் இருந்த ‘குவேக்’ என்பதை ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டினார்கள். வேகம் இறங்கியது, படம் தெளிவடைந்தது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், கேமின் பெயரைப் பார்த்து டெக்ஸ்ச்சர் தரத்தைக் குறைத்திருக்கிறது! 2003 மே மாதத்தில் இதைவிட நுட்பமான ஒன்று வெளிப்பட்டது. ஃபின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் வெளியிட்ட 3டிமார்க்03 சோதனையில் கேமரா வகுத்த பாதையிலேயே நகரும். என்விடியாவின் டிரைவர் அந்தப் பாதையை முன்கூட்டியே அறிந்து, கேமராவின் கண்ணில் படாத பகுதிகளை வரையாமல் விட்டது. கேமராவைப் பாதையிலிருந்து விலக்கிப் பார்த்தவர்களுக்குக் காட்சி சிதைந்து தெரிந்தது. ஃபியூச்சர்மார்க் திருத்தம் வெளியிட்டதும் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது; ஏடிஐயின் ரேடியான் 9800 ப்ரோ கார்டுக்கோ 2 சதவீதம்கூடக் குறையவில்லை.

கணினி வரைகலை முழுவதுமே குறுக்குவழிகளால் ஆனதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பதை வரையாமல் விடுவதும், டெக்ஸ்ச்சர்களைச் சுருக்கி வைப்பதும் குறுக்குவழிகளே. ஆனால் அவை எந்தக் கேமிலும், கேமரா எங்கே திரும்பினாலும் செல்லுபடியாகும். கோப்பின் பெயரை மாற்றினால் அவை மறைவதில்லை. 2001லும் 2003லும் நடந்தவை சோதனைக்கு மட்டுமே செல்லுபடியானவை. வாங்கியவர் தம் வீட்டில் விளையாடும் வேறு கேமுக்கு அவற்றால் ஒரு பிரேம்கூடக் கூடவில்லை.

எண்ணிலேயே ஒளிந்திருந்த குறை ஒன்றும் உண்டு. ஒரு நொடியில் 60 பிரேம் என்று சராசரி சொல்லும். அவற்றில் ஒரு பிரேம் மட்டும் 200 மில்லிநொடி இழுத்து, மற்ற 59ம் மீதி 800 மில்லிநொடிக்குள் ஓடி முடிந்திருந்தாலும் சராசரி அதே 60தான். விளையாடுபவரின் கண்ணுக்கு அது தெளிவான தடங்கல். 2011இல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் ஒவ்வொரு பிரேமுக்கும் ஆன நேரத்தை வரைபடமாகக் காட்டினார். இந்தத் துறையில் டைம்டெமோவுக்குப் பிறகு வந்த மிகப் பயனுள்ள மாற்றம் இதுவே என்பேன். மாறாக, நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குகள் என்று சொல்லும் டெராஃப்ளாப்ஸ் எண்ணை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். 2018இன் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டுக்கு ஏட்டில் 13.4 டெராஃப்ளாப்ஸ், 2020இன் 3070க்கு 20.3. ஏட்டில் ஒன்றரை மடங்கு, கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் 4090க்கு இணையான திறன் தரும் என்றார். 4090இல் 16,384 கணிப்பு அலகுகள், 5070இல் 6,144. இடைவெளியை நிரப்பியது பிரேம் உருவாக்கம்: வரைந்த பிரேம் ஒவ்வொன்றுக்கும் 5070 மூன்று பிரேம்களை ஊகித்துச் சேர்க்கிறது. 4090இல் ஊகிக்கப்படுவது ஒன்றுதான். இதை 2003இன் செயலோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்; இது மறைக்கப்படவில்லை, திரையில் அசைவு வழுவழுப்பாகத் தெரிவதும் உண்மை. ஆனால் ஊகித்த பிரேம் விளையாடுபவரின் கை அசைவுக்குப் பதில் சொல்வதில்லை. அந்த வசதி இல்லாமல் சோதித்தபோது 5070 நின்ற இடம் 4070 சூப்பருக்கு அருகில்தான்.

பழைய கார்டால் புதிய படத்தை வரையவே முடியாதபோது ‘ஒரே படம்’ என்ற நிபந்தனைக்கு என்ன பொருள் என்பது கடைசி ஆட்சேபம். 2017இல் 699 டாலருக்கு வந்த என்விடியாவின் 1080 டிஐ இன்றும் பல கேம்களைத் தாங்குகிறது. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் தனி வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்பதால் அந்தக் கார்டில் அது ஓடாது. இங்கே எத்தனை மடங்கு என்று கேட்பதில் பயனில்லை. ஓடும், ஓடாது என்பதே விடை. அதைத் தனி வரியில் எழுத வேண்டும், சராசரிக்குள் கரைக்கக் கூடாது. பழைய கார்டை வைத்துக்கொண்டு புதியதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்பீட்டுப் பட்டையின் நீளத்தைப் பார்க்கும் முன், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அமைப்புகளைப் படியுங்கள், பிரேம் உருவாக்கம் இரண்டு கார்டுகளுக்கும் ஒரே மாதிரி இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள்.