தத்துவ போதகர்மேல் விழுந்த பழி

தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தவர். பழங்காநத்தத்தில் நாம் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் அவர் பெயரை எடுத்தால், "போலி வேதம் எழுதியவர் அல்லவா?" என்று யாரேனும் கேட்பதுண்டு. எங்கே வாசித்தீர்கள் என்றால், கேள்விப்பட்டதாகவே விடை வரும். இப்பழி எழுந்த விதத்தை இறையியல் மாணவர் அறிதல் நலம்.

1760இல் இந்தியாவிலிருந்து திரும்பிய மொதாவ் என்னும் பிரெஞ்சுப் பிரபு, "எசூர் வேதம்" என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியொன்றை வால்டேரிடம் அளித்தார். வியாசரும் சுமந்துவும் உரையாடுவதாக அமைந்த அந்நூல் ஒரே கடவுளைப் போதித்தது. அலெக்சாந்தர் காலத்துக்கும் முற்பட்டது என்று அதைப் போற்றிய வால்டேர், 1761இல் பாரிசின் அரச நூலகத்துக்கு அனுப்பினார். நமது திருமறைக்கு வரிவரியாகச் சான்று கேட்டவர், தம் வாதத்துக்குத் துணைநின்ற நூலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. 1778இல் அது அச்சேறியது. 1782இல் சொன்னெரா என்ற பயணி, இது வேதமன்று, மிஷனரி ஒருவர் இயற்றிய தர்க்கநூல் என்று எழுதினார்.

சென்னையில் அரசுப்பணி புரிந்த எல்லிஸ், புதுச்சேரியிலிருந்த பிரதிகளைத் தாமே ஆராய்ந்தார். ரோம எழுத்தில் இருந்த வடமொழிப் பகுதிகள் வங்காள ஒலிப்பைத் தழுவியிருப்பதையும் கண்டறிந்தார். அவர் 1819இல் இறந்தபின், 1822இல் அக்கட்டுரை வெளியாயிற்று. போலியை இத்துணை நுட்பமாகச் சோதித்தவர், ஆசிரியர் யார் என்னுமிடத்தில் மட்டும் புதுச்சேரிக் கிறிஸ்தவர்களின் வாய்மொழியை ஏற்று நொபிலியைச் சுட்டினார். நொபிலியோ மதுரையிலும் திருச்சியிலும் சேலத்திலும் உழைத்து, 1656இல் மயிலாப்பூரில் மரித்தவர், வங்காளத்தில் பணியாற்றியவரல்லர்.

புரொட்டஸ்தாந்து எழுத்தாளர் சிலர் இதைத் தயக்கமின்றி எடுத்தாண்டனர். இயேசு சபையார் சூழ்ச்சிக்காரர் என்ற எண்ணம் அவர்களிடம் முன்னரே வேரூன்றியிருந்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை போலும்!

நொபிலி உயிரோடிருந்தபோது பூணூல், குடுமி பற்றி உடன் ஊழியர்களே குற்றஞ்சாட்டினர். அவர் சாத்திரச் சான்றுகளோடு விடை எழுதினார். நெடிய விசாரணைக்குப்பின் 1623இல் போப்பு பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மரித்தவரால் விடை எழுத இயலாதே.

மாக்ஸ் முல்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இப்பழியை மறுத்தார். 1984இல் லூதோ ரோஷே, பிரதிகள் அனைத்தையும் ஆராய்ந்து, நூல் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மிஷனரிகளிடையே தோன்றியது, ஆசிரியர் இன்னாரெனத் துணிய இயலாது என்று காட்டினார். ஆயினும் பழைய சபை வரலாற்று நூல்களில் அந்த வரி அப்படியே நிற்கிறது. மாணவர் அதைப் படியெடுத்துக்கொண்டும் வருகின்றனர்.