15இலிருந்து 21: பூப்பந்துப் புள்ளி முறை மாறிய கதை



மாசாயில் மாலை நேரத்தில் ஏதாவது ஒரு பூப்பந்து மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், இரட்டையர் ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டதும் பழக்கதோஷத்தில் "செகண்ட் சர்வ்!" என்று சொல்லிவிடுவார். கூட ஆடும் பையன் சிரித்துக்கொண்டே, "அங்கிள், அதெல்லாம் இப்போ கிடையாது" என்பான். அந்தப் பையன் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு முறையைத்தான் பார்த்திருக்கிறான்: மூன்று செட், 21 புள்ளி. ஆட்டம் தோன்றிய நாளிலிருந்தே இப்படித்தான் என்று அவன் நினைத்தால், அது அவன் தப்பில்லை. நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த மாற்றம் 2006இல் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையான ஒருவர் மலேசியத் தமிழர். அதனால்தான் இதை வரலாற்றுப் பாடத்துக்கு உதவும் ஒரு கட்டுரையாக எழுதுகிறேன். காரணம், மாற்றம், விளைவு, மதிப்பீடு என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நான்கும் இதில் அழகாக அமைந்திருக்கின்றன.

பழைய முறை எப்படி இருந்தது?

பழைய முறையில் சர்வ் செய்பவருக்கு மட்டும்தான் புள்ளி. ஆண்கள் ஆட்டமும் இரட்டையர் ஆட்டமும் 15 புள்ளி. பெண்கள் ஒற்றையர் 11 புள்ளி. மூன்று செட்டில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். எதிராளி சர்வ் செய்யும்போது நீங்கள் அடித்து வென்றால் புள்ளி கிடைக்காது. சர்வ் மட்டும் உங்கள் கைக்கு வரும். இரட்டையர் ஆட்டத்தில், செட்டின் தொடக்கத்தைத் தவிர, ஓர் அணியில் இருவருக்கும் சர்வ் வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன அங்கிளின் "செகண்ட் சர்வ்" அங்கிருந்துதான் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உங்கள் கையில் சர்வ் இருக்கும்போது நீங்கள் தப்பு செய்தால் சர்வ் போகும், புள்ளி போகாது. அதாவது, பழைய விதி தப்புக்கு ஒரு மன்னிப்பு வைத்திருந்தது. 14-3 என்று பின்தங்கினாலும் ஆட்டம் முடிந்ததாக ஆகாது. எதிராளி சர்வ் செய்யும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அடித்து வென்றால் போதும். அவரால் அந்தக் கடைசிப் புள்ளியை எடுக்கவே முடியாது. பொறுமையும் உடல் வலிமையும் உள்ளவர்களுக்கு இது பெரிய ஆயுதம்.

ஆனால் இதே மன்னிப்புதான் பிரச்சினையாகவும் ஆனது. இரண்டு பக்கமும் சமபலமாக இருந்தால் சர்வ் மட்டும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். புள்ளிப் பலகை அசையாது. ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு உதாரணம் பாருங்கள். 1996 ஊபர் கிண்ணப் போட்டியில் தென் கொரியாவின் ரா கியூங்-மின், இங்கிலாந்தின் ஜூலியா மானை 6 நிமிடத்தில் வென்றார். அடுத்த ஆண்டே, 1997 உலக வெற்றியாளர் போட்டியின் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கின் பீட்டர் ராஸ்முசென் சீனாவின் சுன் ஜுனை வெல்ல 124 நிமிடம் பிடித்தது. ஒரே விளையாட்டு, ஒரே விதி. ஒன்று 6 நிமிடம், மற்றொன்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நேரம் குறித்து ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிலையம் என்ன செய்யும்?

மாற்றத்துக்கான காரணங்கள்

பூப்பந்து 1992 பார்சலோனாவில்தான் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. நமக்கு அது மறக்க முடியாத ஆண்டு. ரசிப் சிடேக், ஜலானி சிடேக் சகோதரர்கள் வென்ற வெண்கலம்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டால் மட்டும் போதாது, அங்கே நிலைக்கவும் வேண்டும். 2005 ஜூலையில், ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம், ஒவ்வொரு விளையாட்டையும் வாக்கெடுப்புக்கு விட்டது. பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் 2012 ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டன. பூப்பந்து தப்பியது. ஆனால் எந்த விளையாட்டுக்கும் இடம் நிரந்தரம் இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்துபோனது.

மற்ற விளையாட்டுகளும் சும்மா இருக்கவில்லை. கைப்பந்து 1990களின் இறுதியில், யார் சர்வ் செய்தாலும் புள்ளி என்ற முறைக்கு மாறியது. மேசைப்பந்து 2001இல் 21 புள்ளியை 11 ஆகக் குறைத்தது. பூப்பந்தும் ஒரு முயற்சி செய்தது: ஐந்து செட், ஒவ்வொன்றும் 7 புள்ளி, புள்ளி மட்டும் பழையபடி சர்வ் செய்பவருக்கே. அது நிலைக்கவில்லை. 2002இலேயே கைவிடப்பட்டு, பழைய 15க்குத் திரும்பினார்கள். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: சீர்திருத்தம் முதல் முயற்சியிலேயே வெற்றி பெறுவது அபூர்வம்.

பஞ்ச் குணாளன்

இங்கேதான் நம்மவர் வருகிறார். பஞ்சாட்சரம் குணாளன்; உலகம் அறிந்த பெயர் பஞ்ச் குணாளன். ஆட்டக்காரராக அவருடைய சாதனை சாதாரணமானதல்ல. 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம். 1971இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம். காமன்வெல்த் போட்டியில் 1970இல் இரட்டையர் தங்கம், 1974இல் ஒற்றையர் தங்கம். அதே 1974இல் அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவிடம் முதல் செட்டை வென்றும் தோற்றுப்போனார்.

இவை எல்லாமே பழைய முறையில் கிடைத்த வெற்றிகள் என்பதை மறக்கக்கூடாது. அந்த முறையில் வளர்ந்து, அந்த முறையில் பெயர் வாங்கியவர்தான், பின்னாளில் உலக நிர்வாகத்தில் உயர் பொறுப்புக்குப் போனபோது அதை மாற்றவேண்டும் என்று நின்றார். 2005இல் அனைத்துலகப் பூப்பந்து சம்மேளனத்தின் தலைமையகமும் இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்துவிட்டது. 2006 தொடக்கத்தில் புதிய முறை சோதிக்கப்பட்டு, மே மாதம் தோக்கியோவில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு சம்மேளனம் தன் பெயரையும் உலகப் பூப்பந்து சம்மேளனம் என்று மாற்றிக்கொண்டது.

புதிய விதி எளிமையானது. யார் சர்வ் செய்தாலும், அடித்து வென்றவருக்குப் புள்ளி. ஆண், பெண் எல்லாருக்கும் 21. 20-20 வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29-29 வந்தால் அடுத்த புள்ளியோடு செட் முடிந்தது. இரட்டையரில் "செகண்ட் சர்வ்" ஒழிந்தது. பெண்களுக்கு 11, ஆண்களுக்கு 15 என்ற பாகுபாடும் அதோடு போனது. இந்த விளைவைப் பலர் கவனிப்பதில்லை. விடைத்தாளில் எழுதினால் நல்ல கருத்து.

எதிர்த்தவர்கள் சொன்னது என்ன?

எதிர்ப்புக்கு நியாயம் இருந்தது. "மன்னிப்பு போய்விட்டது" என்பதுதான் அதன் சாரம். இனி ஒவ்வொரு தப்பும் எதிராளிக்கு ஒரு புள்ளி. மெதுவாகச் சூடுபிடிக்கும் ஆட்டக்காரர் சூடுபிடிப்பதற்குள் செட் முடிந்துவிடும். பின்தங்கியவர் மீண்டு வருவது இனி நடக்காத காரியம் என்றும் பேசினார்கள்.

கூட்டம் முடிந்த அடுத்த மாதமே அதற்கு ஒரு பதில் கிடைத்தது. 2006 ஜூன், கூச்சிங்கில் மலேசியப் பொதுப் போட்டியின் இறுதி ஆட்டம். லீ சோங் வெய், சீனாவின் லின் டான். மூன்றாவது செட்டில் லின் டான் 20-13 என முன்னிலை. பழைய முறையாக இருந்தால் இடையில் ஒன்றிரண்டு தப்பு செய்யவும் இடம் இருந்திருக்கும். புதிய முறையில் ஒரே ஒரு தப்பு, ஆட்டம் முடிந்தது. லீ சோங் வெய் தொடர்ந்து ஏழு புள்ளி எடுத்து 20-20க்குக் கொண்டுவந்து, 23-21 என்று வென்றார்.

ஆக, மீண்டு வருவது முடியாததல்ல. ஆனால் அது எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதையும் அதே ஆட்டம்தான் காட்டுகிறது. ஒரே ஆதாரம் இரண்டு பக்கத்துக்கும் பயன்படும். வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கும். ஆதாரத்தைச் சொன்னால் போதாது, அது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்றும் சொல்லவேண்டும்.

நேரப் பிரச்சினை தீர்ந்ததா? பெரும்பாலும் தீர்ந்தது, முழுசாக இல்லை. 2016 ஆசிய வெற்றியாளர் போட்டியில் ஜப்பான், இந்தோனேசியா ஜோடிகள் மோதிய ஒரு பெண்கள் இரட்டையர் ஆட்டம் 161 நிமிடம் நீடித்தது. விதி எத்தனை புள்ளி என்றுதான் சொல்லும். ஒரு புள்ளிக்கு எத்தனை முறை பந்தை அடிக்கலாம் என்று சொல்லாது.

ஒரே ஒரு ஓட்டு

விவாதம் 2006ஓடு நிற்கவில்லை. ஐந்து செட், ஒவ்வொன்றும் 11 புள்ளி என்ற யோசனை வந்தது. அதற்கு ஆதரவாக இருந்த அன்றைய தலைவர் போல்-எரிக் ஹோயரும், குணாளனைப் போலவே, பழைய 15 புள்ளி முறையில் வென்றவர். 1996 ஒலிம்பிக் வெற்றியாளர். விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2018இல் பேங்காக்கில் ஆதரவு 129, எதிர்ப்பு 123. பெரும்பான்மை இருந்தும் தோற்றது. 2021இல் மறுபடி வாக்கெடுப்பு: மொத்தம் 282 வாக்கில் ஆதரவு 187.

மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 282இல் மூன்றில் இரண்டு பங்கு 188. ஒரே ஒரு ஓட்டு! அந்த ஓர் ஓட்டு விழுந்திருந்தால், மாசாய் மண்டபத்தில் இன்று பிள்ளைகள் 11 வரைதான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். 2025இல் மூன்று செட், ஒவ்வொன்றும் 15 புள்ளி என்ற முறையைச் சோதித்துப் பார்க்கச் சம்மேளனத்தின் மன்றம் ஒப்புதல் கொடுத்தது. பழைய எண் திரும்பி வந்தது. ஆனால் பழைய மன்னிப்பு திரும்பவில்லை, ஏனென்றால் அதிலும் ஒவ்வொரு தப்புக்கும் புள்ளிதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

போட்டிக்கு அட்டவணை போட்டுப் பழகிய ஆசிரியர்களுக்கு இந்த விவாதம் தூரத்து விஷயம் அல்ல. ரெண்டு கோர்ட், நாற்பது பிள்ளைகள், மண்டபத்தை ஒரு மணிக்குள் காலி செய்யணும். அப்போது நாமும் "ஒரே செட், முடிச்சிடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். நேரம் நமக்கு மிச்சம். ஆனால் முதல் ஐந்து நிமிடம் பயத்தில் கை நடுங்கிய பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு போச்சு. பெரிய சம்மேளனம் சந்தித்த அதே கேள்விதான் இது: பார்ப்பவர், நடத்துபவர் நேரமா, ஆடுபவர் மீண்டு வரும் உரிமையா? ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். குணாளன் தரப்பு முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. ஒலிம்பிக்கில் இடம் போய்விடுமோ என்ற அந்தக் காலத்து அச்சத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இழப்பே இல்லை என்று மட்டும் சொல்லக்கூடாது.

குணாளன் 2012இல் மறைந்தார். அவர் வாங்கிய பதக்கங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் 2006க்குப் பிறகு உலகத்தில் எங்கே பூப்பந்து ஆடினாலும், புள்ளிப் பலகையில் 21 என்று விழும்போது அதில் அவருடைய கையும் இருக்கிறது. வெல்பவர் மட்டும் வரலாறு படைப்பதில்லை, விதி எழுதுபவரும் படைக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 2006ஆம் ஆண்டுப் புள்ளி முறை மாற்றத்துக்கான மூன்று காரணங்களை ஆண்டு குறிப்பிட்டு விளக்குக.

2. "2006 கூச்சிங் இறுதி ஆட்டம் புதிய முறையின் நியாயத்தை நிரூபித்தது." இக்கூற்றை ஏற்கிறாயா? இரு பக்கமும் எழுதி முடிவு கூறுக.

3. விதி மாற்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது என்று வைத்திருப்பது சரியா? 2018, 2021 வாக்கு எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுக.