விளையாட்டு வீரர்களுக்கே வினாடி வினா!

ஒரு குத்துச்சண்டை வீரரிடம் போய் கிரிக்கெட் பற்றிக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? கால்பந்து வீரரிடம் குதிரைப் பந்தயம் பற்றி? இதையே ஒரு நிகழ்ச்சியாக்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டியிருக்கிறது பிபிசி. பேர் 'எ கொஸ்டின் ஆஃப் ஸ்போர்ட்'.

1968 டிசம்பரில் வட இங்கிலாந்துக்கு மட்டும் ஒரு வெள்ளோட்டம். 1970 ஜனவரி 5 முதல் நாடு முழுக்க. ரெண்டு அணி, அணிக்கு மூணு பேர். கேப்டன்கள் நிரந்தரம், மற்றவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் கேப்டன்கள் ரக்பி வீரர் கிளிஃப் மோர்கனும், 1963ல் முகமது அலியை (அப்போ காசியஸ் கிளே) ஒரு குத்தில் கீழே தள்ளிய ஹென்றி கூப்பரும். முதல் நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் கால்பந்தின் ஜார்ஜ் பெஸ்ட் உண்டு. கூடவே லில்லியன் போர்டு, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெள்ளி வாங்கிய பெண். அதே 1970 டிசம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார். வயசு 22தான்.

நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த சுற்று 'அடுத்து என்ன நடந்தது?' ஒரு ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டு சட்டென நிறுத்துவார்கள். மைதானத்துக்குள் நாய் வந்ததா, நடுவர் வழுக்கி விழுந்தாரா என்று சொல்ல வேண்டும். பட்டம் வாங்கினவர்களும் அங்கே நம்மளை மாதிரி திருதிருன்னு முழிப்பார்கள் :-)

படம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் சுற்றில்தான் அந்தப் பிரபலமான கூத்து. சேறு அப்பிய முகத்தோடு குதிரை மேல் ஒருவர். 'ஜாக்கி ஜான் ரீட்' என்றார் லிவர்பூல் கால்பந்து வீரர் எம்லின் ஹியூஸ். அது இளவரசி ஆன்! அவரும் சும்மா இளவரசி இல்லை, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் போட்டியிட்டவர். 1987ல் 200வது நிகழ்ச்சிக்கு ஹியூஸ் அணியிலேயே வந்து உட்கார்ந்தார். சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள்.

இவ்வளவு கூட்டம் எப்படி? அப்போது சேனல்கள் நாலே நாலு. ஸ்னூக்கரோ, ரக்பியோ, டென்னிஸோ, எல்லாரும் ஒரே பெட்டியில் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள். கேள்வி வந்தால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் விடை தெரிய வாய்ப்பிருந்தது. அப்புறம் 1992ல் பிரீமியர் லீக் நேரடி ஒளிபரப்பு ஸ்கைக்குப் போனது. 1999ல் உள்ளூர் டெஸ்ட் கிரிக்கெட் சேனல் 4க்கு, 2006ல் அங்கிருந்தும் ஸ்கைக்கு. காசு கட்டினவன் பார்த்தான், மற்றவன் ஸ்கோரை மட்டும் தெரிந்துகொண்டான். வணிகவியல் படிக்கிறவனாகச் சொல்கிறேன், சரக்கு இன்னொருத்தன் கிடங்குக்குப் போனபிறகு கடையை மட்டும் திறந்துவைத்து என்ன பிரயோஜனம்? 1997லிருந்து நடத்திய சூ பார்க்கர் (1976 பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன்) 2021ல் விலகினார். புது ஆட்கள் வந்தும் கூட்டம் வரவில்லை. 2023 டிசம்பரில், இனி தயாரிக்கவில்லை என்று தெரிந்தது.

சரி, நம்ம பக்கம்? பொதிகையில் டாக்டர் சுமந்த் ராமன் நடத்திய விளையாட்டு வினாடி வினாவில் நேயர்கள் போன் போட்டு விடை சொன்னார்கள். கங்குலி 2009ல் வங்காளத்தில் 'தாதாகிரி' நடத்த வந்தார், ஆனால் கேள்வி கேட்கிற பக்கம். 2021 செப்டம்பரில் நீரஜ் சோப்ராவும் ஸ்ரீஜேஷும் கோடீஸ்வரன் நிகழ்ச்சியின் இந்தி மூலத்தில் உட்கார்ந்தார்கள். அதுவோ பொது அறிவு. நம்ம டிவிகளில் வீரர்களிடம் கேட்பது பெரும்பாலும் 'ஜெயிச்சப்போ எப்படி இருந்துச்சு? அம்மா என்ன சொன்னாங்க?' இதைத்தான். ஒரு ஹாக்கி வீரருக்கு கபடி பற்றி என்ன தெரியும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. (புதுச்சேரியில் நடத்தினால் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன இரும்புக் குண்டு ஆட்டம் பற்றி ஒரு கேள்வி கட்டாயம். அரியாங்குப்பத்து ஆள் நான், விடமாட்டேன்.)

ஆனால் டிவி புதிருக்குப் பதில் சொன்ன தமிழ் வீரர் ஒருவர் உண்டு. 1970களின் கடைசியில் அப்பா வேலைக்காக மணிலாவில் இருந்த விஸ்வநாதன் ஆனந்த். மத்தியானம் டிவியில் செஸ் புதிர் வரும், சரியாகச் சொன்னால் புத்தகம் பரிசு. பையன் பள்ளியில் இருப்பான். அம்மா எழுதி வைப்பார், சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்து போடுவார்கள். பரிசு மேல் பரிசு. கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே, வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கோ, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்.